கொய்னாவும் குறையும் தட்டணுக்களும்: ஒரு பழைய மருந்தின் மறுபக்கம்

கசப்புன்னா கொய்னா. நம்ம ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்னால் வரைக்கும் கசப்புக்கு உவமை சொல்லணும்னா வேப்பங்காய்க்கு அடுத்து இதுதான். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த இந்தக் கொய்னா மாத்திரைதான் குயினைன். கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்து, அதில் சந்தேகமே இல்லை. ஆனா இதே மருந்து, மிகச் சிலருக்கு, சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களை (அதாவது பிளேட்லெட்டுகளை) கிட்டத்தட்டத் துடைத்து எடுத்துவிடும். ஈறிலிருந்து, மூக்கிலிருந்து, குடலிலிருந்து, எப்போதாவது மூளைக்குள்ளேயே இரத்தம் கசியும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் இல்லை. 1865-லேயே லான்செட் மருத்துவ இதழில் விப்பன் என்ற மருத்துவர், குயினைன் சாப்பிட்ட பிறகு தோலில் இரத்தப் புள்ளிகள் வந்ததைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவிட்டார். இதில் வேடிக்கை என்னன்னா, தட்டணு என்று ஒன்று இருக்கிறது, அதுதான் இரத்தம் உறைய உதவுகிறது என்பதை இத்தாலியின் பிட்சோசெரோ தெளிவாக விளக்கியதே 1882-ல்தான். அதாவது, எது குறைகிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே, எதனால் வருகிறது என்று ஒருத்தர் எழுதி வைத்துவிட்டார்!

அந்தக் குறிப்பு வந்து 150 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் இந்தக் கோளாறு அடிக்கடி தவறவிடப்படுகிறது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு

சிங்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளைச் சேர்ந்தது. அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்ற செய்தி 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிமார் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1820-ல் பாரிஸில் பெல்தியே, காவந்து என்ற இருவர் பட்டையிலிருந்து குயினைனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை பட்டைப் பொடியை ஒயினில் கலக்கிக் குடித்தவர்கள், அதன் பிறகு அளந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1860-களில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் முயற்சியால் சிங்கோனா விதைகளும் நாற்றுகளும் ஆண்டீஸிலிருந்து நீலகிரிக்கு வந்தன. உதகை தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த மெக்ஐவர் பொறுப்பில் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் தோட்டங்கள் போடப்பட்டன. நடுவட்டத்தில் குயினைன் ஆலையே இருந்தது. வால்பாறை பக்கம் போனவர்களுக்கு 'சிங்கோனா' என்றே ஒரு ஊர் இருப்பது தெரியும். இலங்கையிலும், இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தபோது தோட்ட முதலாளிகள் பலர் சிங்கோனாவுக்கு மாறினார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பட்டையைச் சந்தையில் கொட்டியதில் விலை விழுந்து, பிறகு தேயிலைக்குப் போனார்கள். வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களிலேயே குயினைன் பொட்டலம் விற்றார்கள்.

இவ்வளவு பரவலாகப் புழங்கிய மருந்து. அதனால்தான் இதன் பக்க விளைவுகளும் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. மருந்துகளால் வரும் தட்டணுக் குறைவைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் கணிசமான பங்கு, குயினைனையும் அதன் உடன்பிறப்பான குயினிடினையும் ஆராய்ந்ததால் கிடைத்தது.

தட்டணு குறைந்தால் என்ன ஆகும்?

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எட்டு, பத்து நாள்தான் உயிரோடு இருக்கும். எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி புதுத் தட்டணுக்களை உற்பத்தி செய்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. நம் இரத்த நாளங்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல்கள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. தட்டணுக்கள்தான் ஓடிப்போய் அவற்றை அடைக்கின்றன.

எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலும் பெரும்பாலும் வெளியில் எதுவும் தெரியாது. 50,000-க்குக் கீழே போனால் அடிபட்ட இடத்தில் எளிதாகக் கன்றிப் போகும். 20,000-க்கும் கீழே வந்தால்தான் தானாகவே கசிவு வரும் அபாயம் உண்மையாகத் தொடங்குகிறது. குயினைனால் வரும் குறைவில் எண்ணிக்கை 20,000-க்குக் கீழே போவதுதான் வழக்கம். பல நேரம் 10,000-க்கும் கீழே.

அடையாளங்கள் இவை:

கால்களில், குறிப்பாகக் கணுக்காலைச் சுற்றி, ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி மாதிரி தடித்திருக்காது, அரிக்காது. கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்திப் பார்த்தால் சாதாரணத் தடிப்பு வெளுக்கும், இது வெளுக்காது. ஏன்னா இரத்தம் நாளத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

வாய்க்குள், கன்னத்தின் உட்புறத்தில் அல்லது நாக்கில் கருஞ்சிவப்புக் கொப்புளங்கள். இது வந்தால் நிலைமை தீவிரம் என்று அர்த்தம்.

ஈறு, மூக்கில் இரத்தம் நிற்காமல் வருவது, மாதவிடாய் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போவது, மலம் கறுத்துப் போவது, சிறுநீர் சிவப்பாவது.

இதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், மாத்திரை போட்ட சில மணி நேரத்தில், குளிர் நடுக்கம், காய்ச்சல், குமட்டல், வாந்தி வருவதும் உண்டு. மலேரியாவுக்காகச் சாப்பிட்டவருக்கு இது வந்தால், 'மலேரியாவே இன்னும் போகலை' என்று நினைத்து இன்னொரு வேளை மாத்திரை கொடுக்கிற ஆபத்து இருக்கிறது.

அளவு சார்ந்தது வேறு, ஆள் சார்ந்தது வேறு

இந்த இடத்தில் ஒரு முக்கியமான பிரிவைப் புரிந்துகொள்ள வேண்டும்.

குயினைனை அதிக அளவில் சாப்பிட்டால் காதில் ரீங்காரம், காது மந்தம், தலைவலி, பார்வை மங்கல் எல்லாம் வரும். இதற்குச் சிங்கோனிசம் என்று பெயர். அளவு கூடினால் யாருக்கும் வரும், குறைத்தால் போகும். இது அளவு சார்ந்த விளைவு.

தட்டணுக் குறைவு அப்படி இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒருத்தருக்கு மட்டும், யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாதபடி, வரும். அவருக்கு ஒருமுறை வந்துவிட்டால் அதன் பிறகு மிகக் குறைந்த அளவே போதும். இது ஆள் சார்ந்த விளைவு. உடலின் எதிர்ப்பாற்றல் அமைப்பு சம்பந்தப்பட்டது.

எவ்வளவு குறைவு போதும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடும் மலேரியாவுக்கு வயது வந்த ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சுமார் 600 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. கெண்டைக்கால் பிடிப்புக்கு இரவில் 200 முதல் 300 மில்லிகிராம். டானிக் வாட்டர் என்று விற்கிறார்களே, ஜின்னோடு கலக்கிற அந்தக் கசப்புச் சோடா, அதில் அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு அதிகபட்சம் 83 மில்லிகிராம் இருக்கலாம். ஒரு தம்ளருக்கு 20 மில்லிகிராம் கூட வராது. அதாவது மலேரியாவுக்கான ஒரு நாள் மருந்தில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்த ஒரு தம்ளரே சிலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. 1967-லேயே 'காக்டெயில் பர்ப்யூரா' என்ற பெயரில் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் இப்படி ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை வந்தது. மருந்தே சாப்பிடாதவருக்கு மருந்தால் வந்த நோய்!

அப்படி என்னதான் நடக்கிறது உள்ளே?

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. மூன்று கட்டமாகச் சொல்கிறேன்.

முதல் கட்டம், 1940-களின் இறுதி. லண்டனில் அக்ராய்ட் என்ற ஆய்வாளர் செடார்மிட் என்ற தூக்க மருந்தால் இரத்தப் புள்ளிகள் வந்தவர்களை ஆராய்ந்தார். நோயாளியின் சீரத்தை எடுத்துத் தட்டணுக்களோடு கலந்தார். ஒன்றும் ஆகவில்லை. தட்டணுக்களோடு மருந்தை மட்டும் கலந்தார். அதிலும் ஒன்றும் ஆகவில்லை. சீரம், தட்டணு, மருந்து மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது மட்டும் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு சிதைந்தன. ஆகவே நோயாளியின் இரத்தத்தில் ஏதோ ஒரு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறது, ஆனா மருந்து பக்கத்தில் இருந்தால்தான் அது வேலை செய்கிறது. மருந்து தட்டணுவில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிய மருந்தை ஆன்டிபாடி தாக்குகிறது என்று அக்ராய்ட் விளக்கினார். பென்சிலின் இப்படித்தான் சிவப்பணுக்களில் ஒட்டி வம்பு செய்கிறது என்று பிற்பாடு தெரிந்தது.

ஆனா குயினைன் விஷயத்தில் ஒரு சிக்கல். குயினைனில் ஊறிய தட்டணுக்களைக் கழுவினால் மருந்து போய்விடுகிறது. அது இறுக்கமாக ஒட்டவே இல்லை. அப்புறம் எப்படி?

இரண்டாம் கட்டம், 1958. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஷுல்மன், குயினிடின் நோயாளிகளை வைத்து வேறொரு விளக்கம் சொன்னார். மருந்தும் ஆன்டிபாடியும் இரத்தத்தில் முதலில் கைகோத்துக்கொள்கின்றன, அந்தக் கூட்டணி போகிற போக்கில் தட்டணுவின் மீது போய் உட்காருகிறது. பாவம், தட்டணு வெறும் வழிப்போக்கன். சண்டை வேறு யாருக்கோ, அடி இதற்கு. இதை 'அப்பாவிப் பார்வையாளர்' கொள்கை என்பார்கள். பாடப்புத்தகங்களில் வெகுகாலம் இருந்தது.

ஆனா தட்டணு அவ்வளவு அப்பாவி இல்லை என்று 1978-ல் தெரிந்தது. பெர்னார்ட்-சூலியர் என்று ஒரு அரிய பிறவிக் கோளாறு உண்டு. அவர்களுடைய தட்டணுக்களின் மேல் ஒரு குறிப்பிட்ட புரதம் (கிளைக்கோபுரதம் 1பி) இருக்காது. மருந்தோடு சேர்ந்து தாக்கும் ஆன்டிபாடிகளை அந்தத் தட்டணுக்களோடு கலந்து பார்த்தார்கள். அவை ஒட்டவில்லை! அப்படியென்றால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் உட்காருவதில்லை, குறிப்பிட்ட புரதத்தைத் தேடித்தான் உட்காருகிறது. பிறகு வந்த ஆய்வுகளில் இன்னொரு முக்கிய இலக்கும் தெரிந்தது. கிளைக்கோபுரதம் 2பி/3ஏ, அதாவது தட்டணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து அடைப்பை உண்டாக்கப் பயன்படுத்துகிற அதே கொக்கி.

மூன்றாம் கட்டம், 2015. அமெரிக்காவின் மில்வாக்கியில் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்துவந்த ஆஸ்டரின் குழுவும் மற்றவர்களும் சேர்ந்து, எலிகளில் உருவாக்கிய குயினைன் சார்ந்த ஆன்டிபாடிகளைப் படிகமாக்கி எக்ஸ்-கதிர் மூலம் பார்த்தார்கள். குயினைன் தட்டணுவில் போய் ஒட்டவில்லை. ஆன்டிபாடியின் நுனியில் இருக்கிற பிடிப்புக் குழியில் போய் உட்காருகிறது. உட்கார்ந்ததும் அந்தக் குழியின் வடிவம் மாறுகிறது. மாறிய அந்த வடிவம் தட்டணுவின் 2பி புரதத்தில் ஒரு இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பூட்டு-சாவி உதாரணத்தில் சொன்னால், ஆன்டிபாடி ஒரு பல் உடைந்த சாவி. அது தட்டணு என்ற பூட்டைத் திறக்காது. குயினைன்தான் அந்த உடைந்த பல். அது சேர்ந்ததும் சாவி முழுசாகிறது. மருந்து உடலை விட்டுப் போய்விட்டால் சாவி மறுபடி உடைந்த சாவிதான். ஆனா தூக்கி எறியப்படவில்லை, வருடக்கணக்கில் சட்டைப்பையிலேயே கிடக்கிறது.

இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

முதல் முறை சாப்பிடுபவருக்கு ஏன் உடனே வருவதில்லை? சாவி தயாராக ஒரு வாரமாவது ஆகும். முன்னால் சாப்பிட்டவருக்கு ஏன் சில மணி நேரத்திலேயே வருகிறது? சாவி ஏற்கெனவே பையில் இருக்கிறது. நிறுத்தியதும் ஏன் சரியாகிறது? குயினைனின் அரை ஆயுள் சுமார் 11 மணி நேரம், இரண்டு மூன்று நாளில் மருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும், மஜ்ஜையும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் ஓரிரு நாளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கி ஒரு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். குயினைனும் குயினிடினும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, முப்பரிமாண அமைப்பு மட்டும் வேறு. ஆனா பலரிடம் ஒன்றுக்கான ஆன்டிபாடி மற்றதைக் கண்டுகொள்வதே இல்லை. பல்லின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் சாவி பொருந்தாதே!

தட்டணுவோடு நிற்காத போது

சிலருக்கு ஆன்டிபாடி தட்டணுவை மட்டும் குறிவைப்பதில்லை. வெள்ளணு, சிவப்பணு, இரத்த நாளங்களின் உட்சுவர் என்று பலவற்றையும் தாக்கலாம். அப்போது நுண்ணிய நாளங்களில் சின்னச் சின்ன உறைகட்டிகள் உண்டாகி, தட்டணுக்கள் அதில் செலவாகி, சிறுநீரகம் படுத்துவிடும். இரத்தக் கசிவு ஒரு பக்கம், உறைவு இன்னொரு பக்கம். டயாலிசிஸ் வரைக்கும் போகும், சிறுநீரகம் முழுசாகத் திரும்பாமலும் போகலாம். அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் ஜேம்ஸ் ஜார்ஜ் என்ற மருத்துவரின் குழு இப்படிப்பட்ட நோயாளிகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பதிவு செய்து எழுதியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள், கால் பிடிப்புக்காகக் குயினைன் எடுத்தவர்கள்.

கால் பிடிப்புக்காக இத்தனையா?

நடு இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அடிக்கடி வரும். 'நரம்பு இழுக்குது' என்போம். குயினைன் தசையின் கிளர்ச்சியைக் குறைப்பதால் பல நாடுகளில் இதற்குக் கொடுத்துவந்தார்கள்.

பலன் இருக்கிறதா? இருக்கிறது, ஆனா கொஞ்சம்தான். 2015-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 23 பரிசோதனைகளை, சுமார் 1,600 பேரை, அலசியது. இரண்டு வாரத்தில் பிடிப்பின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது, வலியின் தீவிரம் 10 சதவீதம். நான்கு முறை பிடித்துக்கொண்ட இடத்தில் மூன்று முறை, அவ்வளவுதான்.

இந்த லாபத்துக்கு எதிரே வைக்க வேண்டிய நஷ்டம் என்ன? 1969-லிருந்து 2006 வரை தங்களுக்கு வந்த புகார்களில், குயினைனோடு தொடர்புடைய கடும் பாதிப்புகள் 665, அதில் 93 மரணங்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது. இது இரத்தக் கோளாறுகள் மட்டும் இல்லை, இதயத் துடிப்புக் கோளாறு போன்றவையும் சேர்த்து. மேலும் இப்படிப் புகார் வருவது தானாக முன்வந்து எழுதுபவர்களால் மட்டுமே, அதனால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடவே இருக்கும்.

அமெரிக்காவில் 1994-ல் மருந்துச் சீட்டில்லாமல் கால் பிடிப்புக்குக் குயினைன் விற்பதை நிறுத்தினார்கள். 2006-ல் அனுமதி பெறாத குயினைன் மாத்திரைகள் எல்லாவற்றையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். மலேரியாவுக்கு மட்டும் என்று அனுமதி கொடுத்த பிறகும் பலர் கால் பிடிப்புக்கே எழுதியதால் 2010-ல் மறுபடி எச்சரித்தார்கள். ஆஸ்திரேலியா 2004-ல் கால் பிடிப்புக்கான அனுமதியை நீக்கியது. பிரிட்டன் முழுசாக நிறுத்தவில்லை. வேறெதுவும் பலிக்காமல், தூக்கம் தொடர்ந்து கெட்டால் மட்டும், அதுவும் கண்காணிப்போடு என்று வைத்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். மலேரியாவால் உயிர் போகிற நிலையில் இருப்பவருக்கு, வேறு மருந்து கைவசம் இல்லாதபோது, இந்த அரிய ஆபத்தை எண்ணித் தயங்குவது முட்டாள்தனம். அங்கே தராசு முழுசாக மருந்தின் பக்கம். அதே மாத்திரையைக் கால் பிடிப்புக்குக் கொடுக்கும்போது தராசு புரண்டுவிடுகிறது. மருந்து ஒன்றுதான், அபாயமும் ஒன்றுதான். எதற்காக என்பதுதான் கணக்கை மாற்றுகிறது. மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது.

மலேரியாவிலும் இன்று நிலைமை மாறிவிட்டது. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், கடும் மலேரியாவுக்குக் குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதமும் ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதமும் இறந்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம் ஆர்ட்டிசுனேட்டையே முதலிடத்தில் வைத்தது. கொய்னா இன்று மாற்று மருந்து.

ஏன் தவறவிடுகிறோம்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, தட்டணு குறைய வேறு நூறு காரணம் இருக்கிறது. நம்ம ஊரில் பிளேட்லெட் குறைந்தால் முதலில் டெங்கு என்றுதான் நினைப்போம். நினைக்கவும் வேண்டும். மலேரியாவே தட்டணுவைக் குறைக்கும். ஆனா மலேரியாவில் கிருமி குறையக் குறைய எண்ணிக்கை ஏற வேண்டும். ஏறிக்கொண்டிருந்தது சிகிச்சையின் இரண்டாம் வாரத்தில் திடீரென்று சரிந்தால் மருந்தைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு, மருந்தால் வந்ததும், உடல் தன் தட்டணுக்களைத் தானே தாக்கும் நோயும் (மருத்துவர்கள் ஐடிபி என்பார்கள்) பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஐடிபி என்று முத்திரை குத்தி ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதே சமயம் நோயாளி மருத்துவமனையில் இருப்பதால் டானிக் வாட்டரோ இரவு மாத்திரையோ எடுப்பதில்லை. எண்ணிக்கை ஏறுகிறது. ஸ்டீராய்டு வேலை செய்தது என்று எல்லாரும் நம்புகிறார்கள். வீட்டுக்குப் போய் மறுபடி குடிக்கிறார், மறுபடி விழுகிறது. 'நோய் திரும்பிவிட்டது' என்று இன்னும் கடுமையான சிகிச்சை. மண்ணீரலை எடுப்பது வரைக்கும் போன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காததற்கு ஒரு உறுப்பு விலை.

மூன்று, கேட்டாலும் பதில் வராது. 'என்ன மருந்து சாப்பிடுறீங்க?' என்றால் பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை என்று தினம் போடுவதைச் சொல்வார்கள். எப்போதாவது கால் இழுக்கும்போது போடுகிற மாத்திரை நினைவுக்கு வராது. சோடா மருந்து என்றே தோன்றாது. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: 'உடம்பு சரியில்லாமல் போவதற்கு முந்தின நாள், அதற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்க? கடையில் கேட்டு வாங்கின மாத்திரை, யாரோ கொடுத்த மாத்திரை, சூரணம், கஷாயம் எதுவானாலும் சொல்லுங்க.' இதை மருத்துவர்தான் கேட்கணும் என்றில்லை. பக்கத்தில் இருக்கும் மகளோ மருமகனோ கேட்கலாம்.

உறுதி செய்ய ஆய்வகச் சோதனை இருக்கிறது. அக்ராய்டின் பழைய யுக்திதான், கருவி மட்டும் புதுசு. நோயாளியின் சீரத்தையும் ஆரோக்கியமானவரின் தட்டணுக்களையும் இரண்டு குழாயில் எடுத்து ஒன்றில் மட்டும் மருந்தைச் சேர்ப்பார்கள். மருந்து உள்ள குழாயில் மட்டும் ஆன்டிபாடி ஒட்டினால் உறுதி. எல்லா இடத்திலும் இந்த வசதி கிடையாது. ஆனா நிறுத்தினால் ஒரு வாரத்தில் சரியாகிறதா என்பதே வலுவான தடயம். 'திரும்பக் கொடுத்துத்தான் பார்ப்போமே' என்று மட்டும் யாரும் இறங்கக் கூடாது. இரண்டாம் முறை முதல் முறையைவிட மோசமாக இருக்கலாம்.

குயினைன் மட்டும்தானா?

இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகள் மீது இந்தச் சந்தேகம் உண்டு. சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக், வாங்கோமைசின், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் எல்லாம் இதில் அடக்கம். நமக்கு ரிஃபாம்பிசின் ரொம்ப முக்கியம், ஏன்னா இங்கே லட்சக்கணக்கானவர்கள் அதைச் சாப்பிடுகிறார்கள். விட்டு விட்டுச் சாப்பிடும்போதுதான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. காரணம் மேலே பார்த்த அதே சாவிக் கதை: இடைவெளி விட்டுத் திரும்பச் சாப்பிடும்போது ஆன்டிபாடி தயாராகக் காத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அது உயிரைக் காக்கும் மருந்து. இடையில் புள்ளிகளோ கசிவோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

மருந்தை நிறுத்துவதுதான் சிகிச்சையின் முக்கால் பங்கு. கசிவு கடுமையாக இருந்தால் மருத்துவமனையில் தட்டணு ஏற்றுவார்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளை அந்தச் சமயத்தில் தொடக்கூடாது. அவை மிச்சமிருக்கிற தட்டணுக்களையும் சோம்பேறியாக்கிவிடும்.

சரியான பிறகு செய்ய வேண்டியதுதான் ரொம்ப முக்கியம், பலரும் விடுவதும் இதைத்தான். ஆன்டிபாடி வருடக்கணக்கில் இருக்கும். ஆகவே அந்த நபருக்கு ஆயுள் முழுக்கக் குயினைன் கூடாது. மாத்திரையோ, டானிக் வாட்டரோ, பிட்டர் லெமனோ, சிங்கோனாப் பட்டை சேர்ந்த எந்தக் கஷாயமோ, டிங்சரோ கூடாது. ஒரு சீட்டில் 'குயினைன் ஒவ்வாது, தட்டணு குறையும்' என்று எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். போன் அட்டைக்குள்ளும் ஒன்று வையுங்கள். வெளிநாடு போகும் பிள்ளைகளிடம், புட்டியின் பின்பக்கச் சின்ன எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

1865-ல் விப்பனிடம் நுண்கருவி எதுவும் இல்லை, தட்டணு என்ற பெயர்கூட இல்லை. நோயாளி என்ன சாப்பிட்டார், அதற்கப்புறம் என்ன ஆனது என்று வரிசையாகக் கவனித்தார், எழுதி வைத்தார். இன்று நம்மிடம் படிக அமைப்பு வரைக்கும் இருக்கிறது. ஆனாலும் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் பலன் தருவது அதே பழைய கேள்விதான்: 'என்ன சாப்பிட்டீங்க, எப்போ?'